ஈடு வைத்த வீடும் கைமாறும் கடனும்

கேள்வி: மகளுக்குச் சீதனமாக எழுதிய வீட்டில் மேல்மாடி எழுப்ப, உறுதியை ஈடு வைத்து வங்கியில் கடன் எடுக்கப் போகிறோம். அமெரிக்காவில் அரசோடு சேர்ந்த கம்பனிகள் வீட்டுக் கடன்களையே வாங்கி விற்கின்றன என்கிறார் மருமகன். எங்கள் கடனையும் வங்கி விற்றுவிடுமா? அப்படி விற்பது மார்க்கத்தில் கூடுமா?
- ஒரு வாசகி, மருதமுனை

பதில்: மருமகன் சொல்வது ஃபேனி மே (1938), ஃபிரெடி மேக் (1970) என்ற இரண்டையும். வீடு கட்டுபவருக்கு இவை நேரே ஒரு சதமும் கொடுப்பதில்லை. வங்கி முப்பது வருடத்துக்குக் கொடுத்த கடனை வாங்கிக்கொண்டு உடனே காசு கொடுக்கும். வங்கி அதை அடுத்தவருக்குக் கடனாக்கும். வாங்கிய கடன்களை ஒன்றாகச் சேர்த்து, அவற்றின் பேரில் பத்திரம் வெளியிட்டு முதலீட்டாளருக்கு விற்பார்கள். அரசு கைவிடாது என்று நம்பித்தான் உலகம் அவற்றை வாங்கியது. 2008 செப்டம்பரில் நட்டம் மிஞ்சிப்போக, அமெரிக்க அரசு இரண்டையும் தன் பொறுப்பில் எடுத்தது.

இலங்கையில் அப்படியொரு நிறுவனம் இல்லை. அரச ஈட்டு முதலீட்டு வங்கியும் வீடமைப்பு அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபன வங்கியும் தாங்களே கடன் கொடுத்துத் தாங்களே அறவிடுகின்றன. நாளை ஒன்று வந்தாலும் நமது கரைக்குப் பெரிதாக உதவும் என்று நான் நினைக்கவில்லை. கடன்களை மொத்தமாக வாங்குபவனுக்கு உறுதிகள் சுத்தமாக இருக்க வேண்டும். பெர்மிட் காணியும் பங்கு பிரிக்காத காணியும் வைத்திருப்பவருக்கு முதல் கடனே கிடைப்பது பாடு; பிறகல்லவா அதை விற்பது!

மார்க்க விடயத்தில் மலேசியாவைப் பாருங்கள். 1986இல் தொடங்கிய சகமாஸ் நிறுவனம் 1994 முதல் இஸ்லாமிய முறை வீட்டுக் கடன்களையும் வாங்குகிறது. அங்குள்ள அறிஞர்கள் கடனை விற்பதற்கு இடம் கொடுத்தார்கள்; மத்திய கிழக்கு அறிஞர்கள் பலர், மூன்றாம் ஆளுக்குக் குறைத்து விற்பது கூடாது என்கிறார்கள். ஃபத்வா சொல்ல நான் ஆளில்லை, உலமாக்களைக் கேளுங்கள். ஆனால் விற்பதைப் பற்றிக் கேட்ட நீங்கள் வட்டியைப் பற்றிக் கேட்கவில்லையே! வட்டியில்லா முறைக்கு, 2011இல் தொடங்கிய அமானா வங்கியையும் விசாரித்துப் பாருங்கள்.

உங்கள் கவலை வேறு இடத்தில் இருக்க வேண்டும். வீடு மகள் பெயரில் இருப்பதால் ஈட்டு உறுதியில் அவர்தான் கையெழுத்திட வேண்டும். தவணை தவறினால், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், சில வரம்புகளோடு, நீதிமன்றம் போகாமலே ஈட்டை ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் கொடுக்கிறது. கையெழுத்துக்கு முன் நொத்தாரிசிடம் ஒவ்வொரு பந்தியையும் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். மகளும் பக்கத்தில் இருக்கட்டும்.