முதன்முறை ஐஸ்லாந்து செல்வோர்க்குச் சில குறிப்புகள்

புவியியல் வகுப்பில் ஐஸ்லாந்தின் பெயர் இரண்டே இடங்களில் வரும். எரிமலைப் பாடத்தில் ஒருமுறை, பனியாற்றுப் பாடத்தில் ஒருமுறை. அத்தோடு அதை விட்டுவிடுவோம். ஆனால் நம் கல்லூரியில் பயின்ற பழைய மாணவர்கள் சிலர் இப்போது விடுமுறைக்கு அந்நாட்டிற்குச் செல்லத் தொடங்கியிருக்கிறார்கள். புறப்படுமுன், “அங்கே என்னென்ன பார்க்கலாம், ஐயா?” என்று என்னைக் கேட்கிறார்கள். ஒரு செப்டம்பர்த் திங்களில் ஒன்பது நாள் அத்தீவில் சுற்றி வந்தவன் என்ற முறையில் நான் அவர்களுக்குச் சொல்லும் விடை ஒன்றுதான். பார்க்கவேண்டியவற்றின் பட்டியல் எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்கும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், பார்க்காமலே திரும்பிவிடவேண்டும் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். அங்கே உயிரிழக்கும் பயணிகளுட் பலர் அழகான ஓர் இடத்தில் இன்னும் ஐந்தடி முன்னே சென்றவர்கள்.

இதன் காரணம் நிலத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே வடக்குத் தெற்காக ஓடும் கடலடி மலைத்தொடர், நீர்மட்டத்திற்கு மேலே தலைகாட்டும் இடமே ஐஸ்லாந்து. அமெரிக்கத் தட்டும் யுரேசியத் தட்டும் அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வீதம் விலகிச் செல்கின்றன. கி.பி. 930இல் ஆல்திங்கு என்னும் நாடாளுமன்றம் கூடிய திங்வெட்லிர் வெளியில் அந்தப் பிளவின் சுவர்களுக்கிடையே நாம் நடந்து செல்லலாம். வரலாற்று மாணவனும் புவியியல் மாணவனும் ஒரே பாறையைப் பார்த்து வெவ்வேறு காரணங்களுக்காக மெய்ம்மறக்கும் இடம் அது. ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாட்டில் வாழ்வோர் நான்கு லட்சத்திற்கும் குறைவு. அவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் தலைநகரான ரெய்க்யவிக்கையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள். எஞ்சிய நிலம் பெரும்பாலும் ஆளற்றது. வழியில் ஒன்று நேர்ந்தால் கூப்பிடு தூரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் காகித வேலையைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆயினும் 2001 முதல் ஷெங்கன் ஏற்பாட்டில் இணைந்துள்ளது. எனவே இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்க்கு ஷெங்கன் விசா வேண்டும். குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்களுக்கு மேல் ஷெங்கன் நாடுகளில் தங்கலாகாது. விசா விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தைக் கண்டதும் தமிழர்கள் தடுமாறுவது இயல்பு. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலையில் சுமப்பவர்கள் நாம். வேடிக்கை என்னவென்றால், ஐஸ்லாந்தியரும் நம்மைப் போன்றவர்களே. அவர்களுட் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. 1980இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்திஸ் பின்போகாதோத்திர் அம்மையாரின் பெயரில் இரண்டாம் பகுதிக்குப் ‘பின்போகியின் மகள்’ என்பதே பொருள். அந்நாட்டுத் தொலைபேசி நூலில்கூட ஆட்களை அவரவர் சொந்தப் பெயரால்தான் வரிசைப்படுத்தினார்கள். ஆனால் விமான நிறுவனத்திற்கும் விசா அலுவலகத்திற்கும் இந்த உறவெல்லாம் தெரியாது. கடவுச்சீட்டில் பெயர் எவ்வாறு உள்ளதோ, எழுத்துக்கு எழுத்து அவ்வாறே பயணச்சீட்டிலும் காப்பீட்டிலும் இருக்கட்டும்.

எந்த மாதத்தில் செல்வது? ரெய்க்யவிக் வடக்கு 64ஆம் பாகையில் இருக்கிறது. ஜூன் இறுதியில் அங்கே நள்ளிரவை ஒட்டி மறையும் சூரியன் மூன்று மணி அளவில் மீண்டும் எழுந்துவிடும். முழு இருட்டே இல்லை. டிசம்பரில் பகற்பொழுது நான்கு மணி நேரம்தான். வடதுருவ ஒளியைக் காண விரும்புவோர் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரையுள்ள காலத்தையும், தீவை முழுதும் சுற்ற விரும்புவோர் கோடையையும் தேர்ந்துகொள்வது முறை. இரண்டும் ஓரளவு வேண்டுமெனில் செப்டம்பர் நன்று. குளிர்காலத்தில் முதன்முறை செல்பவர் தாமே கார் ஓட்டவேண்டா என்பது என் உறுதியான கருத்து. சுற்றுலாப் பேருந்துகள் இருக்கின்றன.

‘பனி நாடு’ என்ற பெயரைக் கேட்டுச் சைபீரியக் குளிருக்கு ஆயத்தம் செய்துகொண்டு போகிறவர்கள் உண்டு. வெப்பக் கடல் நீரோட்டத்தின் தயவால் ரெய்க்யவிக்கில் ஜனவரியின் சராசரி வெப்பநிலைகூட உறைநிலையை ஒட்டியே இருக்கும். ஜூலையில் 11 அல்லது 12 பாகை. அங்கே ஆளை வாட்டுவது காற்றும் அதனோடு வரும் மழையும். மழை மேலிருந்து விழுவதில்லை. பக்கவாட்டில் வந்து அறைகிறது. குடை கொண்டு செல்வது வீண். விரித்த மறுகணம் கம்பிகள் மட்டும் கையில் நிற்கும். உள்ளே கம்பளி, அதன்மேல் கனமான ஒரு மேற்சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே நீரும் காற்றும் புகாத அங்கி என மூன்று அடுக்காக அணியவேண்டும். நம் பருத்திப் பனியனை உள்ளே அணிவது தவறு. பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடற்சூட்டை இழுத்துவிடும்; கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும்.

காற்றின் வலிமையை நான் உணர்ந்தது மலையுச்சியிலன்று; ஒரு பெட்ரோல் நிலையத்தில். பக்கத்தில் நின்ற காரின் கதவை ஒருவர் திறந்தார். காற்று அதைப் பிடுங்கி முன்பக்கமாக மடக்கியது. கதவு மீண்டும் மூடவில்லை. வாடகைக் காரின் சாதாரணக் காப்பீட்டில் இவ்வகைச் சேதம் பெரும்பாலும் சேராது. ஆகவே காரின் முகம் காற்றை எதிர்நோக்கி இருக்குமாறு நிறுத்தவேண்டும். அப்போது காற்றே கதவை மூடும் பக்கம் தள்ளும். கதவை எப்போதும் கையால் பிடித்துக்கொண்டே திறக்கவேண்டும். அந்நாட்டு வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களில் எச்சரிக்கை விடுக்கிறது. காலையில் காப்பி குடிக்குமுன் அதைப் பார்ப்பதும், சாலைத் துறை அறிவிப்பில் வழி திறந்துள்ளதா என்று பார்ப்பதும் அங்கே பல் துலக்குவது போன்ற வழக்கமாகிவிடவேண்டும். எச்சரிக்கை உள்ள நாளில் விடுதியிலேயே இருந்துவிடலாம். அதற்காகத்தான் பயணத் திட்டத்தில் வெறும் நாள் ஒன்றையாவது விட்டுவைக்கச் சொல்கிறேன். ஐந்து நாள் விடுமுறையில் தீவு முழுவதையும் சுற்றிவிடத் திட்டமிட்டவனிடம் திரும்புவதற்கு நேரமே இருப்பதில்லை. காற்று எப்படி இருந்தாலும் ஓட்டத்தான் செய்வான். ஐந்து நாள் எனில் தென்மேற்கும் தெற்குக் கரையும் போதும். சுற்றுச்சாலைக்கு எட்டு முதல் பத்து நாள் வேண்டும்.

அந்நாட்டில் இரயில் கிடையாது. 1974இல் முழுமையடைந்த முதலாம் எண் சாலை, தீவைச் சுற்றி ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடுகிறது. வண்டிகள் வலப்புறம் செல்லும். பகலிலும் முகப்பு விளக்கு எரியவேண்டும். தார்ச்சாலையில் 90, சரளைச் சாலையில் 80, ஊர்களுக்குள் பொதுவாக 50 கிலோமீட்டர் என்பது வேக வரம்பு. தாரிலிருந்து சரளைக்கு மாறும் இடத்தில் வேகத்தைக் குறைக்காத வண்டி வழுக்கி உருளும். ஒருவழிப் பாலங்களில் முதலில் நெருங்கியவர்க்கே வழி என்பது மரபு. சாலையின் ஒரு பக்கம் தாய் ஆடும் மறுபக்கம் குட்டியும் நின்றால், குட்டி குறுக்கே ஓடிவரும் என்று கொள்க. ‘எஃப்’ என்ற எழுத்தோடு கூடிய உள்நாட்டு மலைச்சாலைகள் கோடையில் மட்டுமே திறக்கப்படும். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிக்கே அனுமதி. அவற்றில் பாலமில்லாத ஆறுகளை வண்டியோடு கடக்கவேண்டியிருக்கும். முதன்முறை செல்பவர்க்கு அவை வேண்டியதில்லை. சாலையை விட்டு விலகி ஓட்டுவது சட்டப்படி குற்றம். 1783இல் லாக்கி என்னும் எரிமலைப் பிளவு எட்டு மாதம் குழம்பைக் கக்கியது; அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் மக்களுள் ஐந்தில் ஒரு பங்கினர் மடிந்தனர். அன்று உறைந்த பாறைவெளியின்மேல் இன்று மெத்தைபோல் பாசி படர்ந்திருக்கிறது. ஒரு சக்கரத் தடம் அதில் பதிந்தால் ஆறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இனிக் கடல். தெற்கே வீக் என்னும் ஊரருகில் ரெய்னிஸ்ஃபியாரா என்ற கருமணற் கடற்கரை உள்ளது. செதுக்கி அடுக்கினாற்போன்ற பசால்ட்டுத் தூண்கள், ஒரு குகை, கடலில் நிற்கும் பாறைக் கோபுரங்கள். அதைவிட அழகிய கரையை நான் கண்டதில்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் திறந்த கடலைத் தடையின்றிக் கடந்து வரும் அலைகள் அங்கே மோதுகின்றன. கடலடியும் கரையருகிலேயே ஆழ்ந்துவிடுகிறது. பத்துப் பதினைந்து அலைகள் அடக்கமாக வந்து திரும்பும். அதற்கடுத்தது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், கரையில் பல மீட்டர் ஏறிவந்து காலை வாரும். காலடி மணலும் நீரோடு நழுவுவதால் எழுந்திருக்க முடியாது; நீச்சல் தெரிந்தும் பயனில்லை. 2025 ஆகஸ்டில்கூட ஒரு சிறுமி அங்கே அலையில் மாண்டாள். அபாய நிலையைக் காட்டும் விளக்கு வைத்திருக்கிறார்கள். விளக்கு எந்த நிறமாயினும் கடலுக்கு முதுகைக் காட்டவேண்டா. நீர் நனைத்த மணலில் கால் வைக்கவேண்டா. நான் நின்றிருந்தபோது, படமெடுப்பதற்காகப் பின்னோக்கி நடந்துகொண்டிருந்த இளைஞர் ஒருவரை அறிமுகமில்லாத ஓர் அம்மையார் தோளைப் பற்றி இழுத்துவந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இழுத்துவிட்டுத் தம் வழியே போய்விட்டார்.

கொதிநீர் ஊற்றுகளிலும் இதே நிலைதான். ‘கெய்சர்’ என்று நம் பாடநூல்கள் சொல்லும் சொல்லே அந்நாட்டிலுள்ள கெய்சிர் என்னும் ஊற்றின் பெயரிலிருந்து வந்தது. அதன் அண்டையிலுள்ள ஸ்ட்ரொக்கூர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பொங்கி எழுகிறது. காற்று வரும் பக்கத்தில் நின்றால் சாரல் மேலே படாது. கயிறு கட்டிய இடத்தைத் தாண்டக்கூடாது. மேலே மண் திடமாகத் தெரியும், கீழே கொதிநீர் இருக்கும். பனியாற்றின்மேல் தேர்ந்த வழிகாட்டியின்றி ஏறவே கூடாது. 2024 ஆகஸ்டில் பிரெய்தாமெர்க்குர் பனியாற்றில் பனி இடிந்து விழுந்து ஒரு பயணி இறந்தபோது அவர் வழிகாட்டியோடு சென்ற குழுவில்தான் இருந்தார். ஆதலால் பனிக்குகையைக் கோடையில் காட்டுகிறோம் என்று எவர் அழைத்தாலும் மறுத்துவிடுக.

எரிமலை வெடிக்குமே என்று அஞ்சுவோர்க்கு ஒரு சொல். ஏறத்தாழ 800 ஆண்டுகள் உறங்கிய ரெய்க்யானெஸ் தீபகற்பம் 2021இல் விழித்தது. 2023 நவம்பர் 10ஆம் நாள் இரவு கிரிண்டாவிக் என்ற மீனவ ஊர் முழுதும் காலி செய்யப்பட்டது. அப்பகுதிக்குச் செல்லுமுன் அன்றைய அறிவிப்பைப் பார்த்தாகவேண்டும். குழம்பைவிட நச்சுவாயுவே பார்வையாளர்க்கு அபாயம்.

உதவிக்கு அழைக்கும் எண் 112. மலைவழி நடப்போர் தம் திட்டத்தைச் ‘சேஃப் டிராவல்’ தளத்தில் பதிந்துவிட்டுச் செல்லலாம். தேடிவரும் மீட்புப் படையினர் ஊதியம் பெறாத தொண்டர்கள். மீனவர், ஆசிரியர், தச்சர் எனத் தத்தம் தொழிலை விட்டுவிட்டு நள்ளிரவில் வருபவர்கள்.

செலவு மிகுதி. உணவகங்களைக் குறைத்துப் ‘போனுஸ்’ போன்ற கடைகளில் வாங்கிச் சமைப்பதே நம்மவர்க்கு ஏற்றது. வெந்நீராவியின் சூட்டால் வளர்க்கும் கண்ணாடிக்குடில் தக்காளியும், தயிரை ஒத்த ஸ்கீரும் சைவ உணவினர்க்குக் கைகொடுக்கும். ஸ்கீர் சிலவற்றில் விலங்குப் புரை சேர்வதுண்டாதலால் உறையைப் பார்த்து வாங்குக. எங்கும் வங்கி அட்டை செல்லும். ஆளில்லாப் பெட்ரோல் குழாய்களில் இரகசிய எண் கேட்கும். தண்ணீரை விலைக்கு வாங்கவே வேண்டா. குழாய்க் குளிர்நீர் தூயது. வெந்நீரில் மட்டும் கந்தக வாடை அடிக்கும், அதனால் தீங்கில்லை.

ஊர்தோறும் வெந்நீர் நீச்சற்குளம் உண்டு. குளத்தில் குளோரின் மிகக் குறைவாகச் சேர்ப்பதால், இறங்குமுன் ஆடையின்றிச் சோப்பிட்டுக் குளிக்கவேண்டும் என்பது மீறமுடியாத விதி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைகள். கூச்சம் நமக்கு வரும். ஆனால் அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. குளத்தருகே சிறிய வெந்நீர்த் தொட்டிகள் இருக்கும். மாலையில் ஊர்ப் பெரியவர்கள் அவற்றில் கழுத்தளவு அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் நீங்கள் போகவிருக்கும் வழியையும் அங்கே வீசப்போகும் காற்றையும் அவர்களிடம் கேளுங்கள். பலர் ஆங்கிலத்தில் நன்றாகவே விடை சொல்வார்கள்.