-1 மில்லிமீட்டர் மழை பெய்யுமா?

மாணவர்களே, ஒரு நாளில் -1 மில்லிமீட்டர் மழை பெய்ய முடியுமா? முடியாது என்று படிவம் 1 மாணவரும் சொல்லிவிடுவார். ஆனால் எங்கள் அறிவியல் கழகம் பயன்படுத்திய செயற்கை நுண்ணறிவு முகவர் அப்படிப் பெய்ததாகவே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டது. தவறு அதனுடையது அல்ல. நாங்கள் எழுதிக் கொடுத்த விளக்கக் குறிப்பில் இருந்தது.

எங்கள் பள்ளியில் ஒரு மழைமானி உண்டு. 2019-இல் அன்றைய மாணவர்கள் அதை நாள்தோறும் அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். அந்தப் பதிவுகளை இப்போதைய மாணவர்கள் கணினியில் ஒரு தரவுத்தளமாக மாற்றினார்கள். பிறகு, முகவர் அதைப் படிப்பதற்காக ஓர் இணைப்புக் கருவியையும் உருவாக்கினார்கள்.

முகவர் என்றால் என்ன? பதில் சொல்வதோடு நிற்காமல், கருவிகளை இயக்கி வேலையை முடித்துத் தரும் மொழி மாதிரி என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொழி மாதிரி தானே போய்த் தரவுத்தளத்தைத் திறப்பதில்லை. "இந்தக் கருவியை இந்த உள்ளீட்டோடு இயக்கு" என்று எழுதித் தரும். நடுவில் உள்ள நிரல் அதை நிறைவேற்றி விடையைக் கொண்டுவந்து கொடுக்கும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்ற திறந்த நெறிமுறை இதற்கு ஒரு பொது முறையைத் தந்தது. அதன்படி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், அது ஏற்கும் உள்ளீடுகளின் வடிவம் ஆகியவை மாதிரிக்குக் காட்டப்படும். கருவிக்குள் இருக்கும் நிரல் வரிகள் அதற்குத் தெரியாது. கருவியைப் பற்றி அது அறிந்ததெல்லாம் இந்தச் சில வரிகள்தாம்.

எங்கள் கருவிக்கு நாங்கள் எழுதிய விளக்கம் மூன்றே சொற்கள்: "மழைத் தரவைத் தரும்."

அக்டோபர், நவம்பர் இரண்டில் எந்த மாதத்தின் நாள் சராசரி மழை அதிகம் என்று கேட்டோம். அக்டோபர் என்றது முகவர். அறிவியல் விழா அறிக்கையிலும் அதை எழுதிவிட்டோம். அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு மாணவி வந்து, "சார், என் அக்கா அந்த நவம்பரில்தானே தினமும் நனைந்துகொண்டே போய் அளந்தார்?" என்று கேட்டார். பழைய நோட்டைத் தேடி எடுத்தோம். பின் அட்டையில் பென்சிலால் எழுதியிருந்தது: அளக்காத நாளுக்கு -1.

கணக்கைப் பாருங்கள் (எளிமைக்காக எண்களை முழுமையாக்கியுள்ளேன்). அக்டோபரில் 31 நாளும் அளந்திருக்கிறார்கள். பள்ளிக்கு எதிரே வீடுள்ள இருவர் தீபாவளியன்றும் வந்திருக்கிறார்கள்! மொத்தம் 279 மி.மீ.; சராசரி 9. நவம்பரில் விடுமுறை வந்ததால் முதல் 20 நாள் மட்டுமே அளந்தார்கள். மொத்தம் 240 மி.மீ.; சராசரி 12. முகவரோ 240-இலிருந்து 10-ஐக் கழித்து, 230-ஐ 30-ஆல் வகுத்து 7.7 என்றது.

ஒரு புதிய மாணவர் -1-ஐப் பார்த்தால் என்ன செய்வார்? எழுந்து வந்து என்னைக் கேட்பார். எங்கள் முகவர் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்ததை வைத்து ஊகித்து, தயக்கமே இல்லாத நடையில் விடை தந்தது. அதனால், மனிதர்கள் வாய்வழியாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கங்களையும் முகவருக்கு எழுத்தில் தர வேண்டியிருக்கிறது.

மாணவர்கள் திருத்தி எழுதிய விளக்கம் இது:

"பள்ளி மழைமானியின் 2019 பதிவுகளைப் படித்துத் தரும், எதையும் மாற்றாது. 'நாள்' ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் இருக்கும், எ.கா. 2019-11-03. 'அளவு' மில்லிமீட்டரில். 0 என்றால் அளந்தோம், மழை இல்லை. -1 என்றால் அளக்கவில்லை. கூட்டலிலும் சராசரியிலும் சேர்க்கக் கூடாது. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 100 வரிசைகள் வரும். மேலும் இருந்தால் 'இன்னும் உள்ளது' என்று தெரிவிக்கும்."

கடைசி வரி ஏன்? 365 நாள் கேட்டு 100 மட்டும் வந்தால், அதுவே முழு ஆண்டு என்று முகவர் நினைத்துவிடும். பிழைச் செய்தியும் விளக்கத்தின் ஒரு பகுதியே. "பிழை" என்று மட்டும் சொன்னால் அது மறுபடியும் ஊகிக்கும். "அப்படி ஒரு நெடுவரிசை இல்லை, உள்ளவை: நாள், அளவு" என்று சொன்னால் அடுத்த முறை சரியாகக் கேட்கும்.

என்னைக் கேட்டால், -1-ஐ விளக்குவதைவிட அதை நீக்குவதே மேல். எஸ்கியூஎல் மொழியில் 'நல்' எனப்படும் வெற்று மதிப்பு இருக்கிறது. சராசரி காணும் கட்டளை அதைத் தானாகவே தவிர்த்துவிடும். நாங்களும் பிறகு அப்படி மாற்றினோம், விளக்கத்திலும் அந்த வரியைத் திருத்தினோம். (படிவம் 5-இல் கணினி அறிவியல் எடுப்பவர்கள் எஸ்கியூஎல்லைச் சந்திப்பீர்கள்.)

இன்னொன்று. "எதையும் மாற்றாது" என்று விளக்கத்தில் எழுதிவிட்டால் தரவு பாதுகாப்பாகிவிடாது. அது அறிவிப்புப் பலகை, பூட்டு அல்ல. முகவர் அனுப்பும் எந்தக் கட்டளையையும் கருவி அப்படியே நிறைவேற்றுமானால், அழிக்கச் சொல்லும் ஒரே வரியில் ஓராண்டு உழைப்பு போய்விடும். பூட்டைத் தரவுத்தளத்தில் போட வேண்டும். நாங்கள் பயன்படுத்தும் எஸ்கியூலைட் கோப்பைப் படிக்க மட்டும் அனுமதித்துத் திறக்கலாம். பெரிய தரவுத்தளங்களில் முகவருக்கென்று படிக்கும் உரிமை மட்டுமுள்ள தனிக் கணக்கு தொடங்கலாம். கடவுச்சொல்லை விளக்கத்தில் எழுதவே கூடாது; அங்கே எழுதுவதையெல்லாம் மாதிரி படிக்கும், பதிலில் திருப்பிச் சொல்லவும் கூடும்.

இப்போது உங்கள் முறை. வகுப்பு நூலக அட்டவணை ஒன்றில் இப்படி ஒரு வரிசை இருக்கிறது: புத்தக எண் 14, கொடுத்த நாள் 03/04, திரும்பிய நாள் 00/00, நிலை 2. இதற்கு ஐந்து வரிக்குள் ஒரு விளக்கம் எழுதுங்கள். பிறகு வேறு வகுப்பு நண்பரிடம் கொடுத்து, "எத்தனை புத்தகம் இன்னும் திரும்பவில்லை?" என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. கேட்க வாயெடுத்த இடத்தையெல்லாம் குறித்து வைத்து, அங்கே ஒரு வரி சேருங்கள்.