சோதனைக் கூடத்தில் தூய காற்றோட்டம்

ஜெஞ்சாரோம் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நம் பிள்ளைகளுக்கு விமானம் புதுமையன்று. சிப்பாங் விமான நிலையம் 1998ஆம் ஆண்டிலேயே அண்மையில் அமைந்துவிட்டது. அங்கு வந்திறங்கும் பயணிகள் விமானங்கள் ஒலியினும் குறைந்த வேகத்தில் பறப்பவை. ஒலியின் வேகத்தை மாக் 1 என்பர். மாக் 5க்கு மேற்பட்டது அதிமீயொலி வேகம். விண்ணிலிருந்து திரும்பும் கலம் அத்தகைய வேகத்தில் காற்றைக் கிழித்து வருகையில் கடும் வெப்பம் அடைகிறது. அதனைத் தாங்கும் கவசத்தின் கனத்தை எவ்வாறு முடிவு செய்வது?

கலத்தின் சிறு மாதிரியை அசையாமல் நிறுத்தி, அதன்மீது காற்றைப் பாய்ச்சி அளப்பர். இதற்கான கூடமே காற்றுச் சுரங்கம். பெங்களூரில் 1967இல் 1.2 மீட்டர் சுரங்கம் ஒன்று இயங்கத் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் 2017இல் திறக்கப்பட்ட சுரங்கம் மாக் 12 வரை எட்டவல்லது.

வேகம் மட்டும் போதுமா? போதாது, காற்றோட்டம் தூயதாகவும் இருத்தல் வேண்டும்.

முதலாவது, குளிர்ச்சி. மிதிவண்டிச் சக்கரத்தின் காற்றைத் திறந்துவிட்டால் அது குளிர்ந்து வெளிவருவதை அறிவோம். சாதாரண வெப்பநிலையில் உள்ள காற்று விரிந்து மாக் 7ஐ அடையுமானால், ஏறத்தாழ −245 பாகை செல்சியசுக்குக் குளிர்ந்து, நீர்மமாக மாறத் தொடங்கும். ஆகவே, காற்றை முன்னதாகவே சூடேற்றுகின்றனர்.

இரண்டாவது, ஈரம். ஈரக் காற்று விரிந்தால் பனித்துளிகள் தோன்றி அளவீட்டைக் கெடுக்கும். அதனால் காற்றை நன்கு உலர்த்துகின்றனர்.

மூன்றாவது, இரைச்சல். குழாயின் சுவரையொட்டி ஓடும் காற்றுப் படலம் குழம்பினால் ஒலியலைகள் எழுந்து மாதிரியைத் தாக்கும். மாதிரியின் மேலுள்ள படலமும் உரிய நேரத்திற்கு முன்பே குழம்பிவிடும். வெப்பம் பன்மடங்காகத் தோன்றும். அதனை நம்பினால் கவசம் வீணே கனக்கும். கலம் சுமக்கும் பொருள் குறையும். சுவரைக் கண்ணாடிபோல் மெருகிட்டு, குறுகிய பகுதிக்கு முன்னரே படலத்தை உறிஞ்சி அகற்றும் அமைதிச் சுரங்கங்கள் இதற்கெனவே தோன்றின. சாதாரணச் சுரங்கத்தில் அழுத்த அலைவு நூற்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் இருக்கலாம். அமைதிச் சுரங்கத்திலோ ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு.

நம் சிலாங்கூரிலும் இத்துறை அறியப்படாததன்று. காஜாங்கிலுள்ள துனாகா நேஷனல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணநேரமே இயங்கும் அதிவேகச் சோதனைக் கருவியை அமைத்தனர். இத்தகைய கருவியில், மெல்லிய தகட்டின் பின்னே அடைபட்ட வாயு, தகடு கிழிந்ததும் அதிர்வலையாகப் பாய்கிறது.

அளக்கும் கோல் கோணலாயின் அளவும் கோணலாகும். கணிதமும் அறிவியலும் பயிலும் நம் தோட்டத்து மாணவர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக. விடை கண்டவுடன் நின்றுவிடாமல், அதனைத் தந்த சோதனை செம்மையானதுதானா என்று வினவுவதே அறிவியலின் தொடக்கமாகும்.