குளியலறைத் தரை: திண்டா, சமதளமா?
குளியலறையைப் புதுப்பிக்கக் கடன் கோரி வருவோரிடம், வீட்டில் முதியோர் உள்ளனரா என்று வினவுவது எங்கள் வழக்கம். ஷவர் பகுதியின் முன் எழுப்பும் 10 சென்டிமீட்டர் திண்டு நீரைத் தடுக்கும். முதியோரின் காலையும் இடறிவிடும். சமதள நுழைவில் சக்கர நாற்காலியும் செல்லும். ஆயின், வடிகாலை நோக்கி மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் சரிவு வேண்டும். அதற்கேற்பத் தரையைத் தாழ்த்த வேண்டியிருக்கும். அடுக்ககத்தில் அது இயலாவிடில், தாழ்வான திண்டும் சுவரில் உறுதியான கைப்பிடியும் அமைக்கலாம். இரண்டிலும் பளபளப்பான டைல்ஸைத் தவிர்த்து, வழுக்காத சொரசொரப்பானவற்றையே தேர்ந்தெடுங்கள்.

டைல்ஸ் பதிக்குமுன், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சின்மீது ஒரு நாள் முழுவதும் நீரைத் தேக்கிச் சோதிப்பது இன்றியமையாதது. கீழ்த்தளக் கூரையில் ஈரம் படியவில்லை எனக் கண்ட பின்னரே ஒப்பந்ததாரருக்கு அடுத்த தவணையை வழங்குங்கள்.