அம்மாவுக்கு வாங்கிய வைட்டமின்

அன்புள்ள கயல்,

அம்மாவுக்குச் சூடேறி வேர்ப்பதற்கென்று நீ வாங்கிய வைட்டமின் ஈ டப்பாவின் படம் வந்தது. முதல் சம்பளத்தில் வாங்கியது என்பதால் திட்ட மனம் வரவில்லை. ஆனால் அவளிடம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. உடல் சூட்டைக் கவனித்துக்கொள்வது மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதி. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அங்குள்ள சில நரம்பணுக்கள், துளி சூடு ஏறினாலே பதறிவிடுகின்றன. முகம் குப்பென்று சூடாகி, நடுராத்திரியில் ஜாக்கெட் நனைய வேர்ப்பது அதனால்தான். இதில் வைட்டமின் பற்றாக்குறை எங்கே வந்தது?

இருந்தும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1998-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு அது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுக்கு நான்கு வாரம் தினம் 800 யூனிட் வைட்டமின் ஈ, நான்கு வாரம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. வெற்று மாத்திரையைவிட ஈ இந்தச் சூடேற்றத்தைக் குறைத்தது நாளுக்குச் சுமார் ஒரு தடவைதான். எது பிடித்தது என்று கேட்டபோது அவர்கள் ஈ பக்கம் சாயவும் இல்லை. வெற்று மாத்திரையே இந்த வேர்வையைக் கணிசமாகக் குறைப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்தாகிவிட்டது. ஆகவே 'எனக்குக் கேட்டுச்சு' என்று சொல்லும் பக்கத்து வீட்டு மாமி பொய் சொல்லவில்லை. ஆனால், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அதிக அளவில் ஈ எடுத்தால் ரத்தக்கசிவு வரலாம்.

நீ கவலைப்பட வேண்டியது பி12 பற்றி. அம்மா பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாள். அது உணவிலுள்ள பி12-ஐ உடம்பில் சேரவிடாமல் குறைக்கும். கால் மரத்துப்போவது, அசதி, மறதி எல்லாவற்றையும் 'இந்த வயசுல அப்படித்தான்' என்று வீட்டில் தள்ளிவிடுகிறார்கள். ரத்தத்தில் பி12 பார்க்கச் சொல், தைராய்டும் சேர்த்து. குறைவு என்று தெரிந்தால் மாத்திரையோ ஊசியோ நிச்சயம் உதவும்.

கால்சியமும் வைட்டமின் டி-யும் எலும்புக்காக, வேர்வைக்கு அல்ல. அமெரிக்காவில் 36,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த இரண்டையும் சாப்பிட்டவர்களுக்கு இடுப்பெலும்பு கொஞ்சம் உறுதிப்பட்டது. சிறுநீரகக் கல்லோ 17 சதவீதம் கூடியது. கேழ்வரகு, மோர், நெத்திலி என்று சாப்பாட்டிலேயே முடிந்தவரை கால்சியம் சேரட்டும். 60,000 யூனிட் டி மாத்திரை பொதுவாக வாரம் ஒன்றுதான், அதுவும் சில வாரங்களுக்கு. தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்.

வேர்வை தூக்கத்தைக் கெடுக்கிறதென்றால் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். ஹார்மோன் சிகிச்சைதான் நன்றாகக் கேட்கும். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு அது ஆகாது. அவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. மாதவிலக்கு ஒரு வருடம் நின்றிருந்து மறுபடி உதிரப்போக்கு ஏற்பட்டால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதே.

போகும்போது அவள் சாப்பிடுவது எல்லாவற்றையும், லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போ. டாக்டர் கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்பாள். நீ கூட உட்கார்ந்து சொல்.

அன்புடன்,
பெரியம்மா