குருத்தோலையும் வண்ண முட்டையும்

  

ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களிலோ ஏப்ரல் திங்களிலோ ஒரு வெள்ளிக்கிழமையன்று நம் வகுப்பறைகளில் சில இருக்கைகள் வெறுமையாக இருக்கும். "இன்று விடுமுறை இல்லையே, அவன் ஏன் வரவில்லை?" என்று பக்கத்தில் அமர்ந்திருப்போர் வினவுவர். அன்று புனித வெள்ளி. சபா, சரவாக் மாநிலங்களில் அது பொது விடுமுறை நாள். நம் பினாங்கில் அவ்வாறன்று. நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் இல்லாத நாளை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

நாமும் ஒருமுறை மறந்ததுண்டு. பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிதில், ஒரு தோட்டப் பள்ளியில் மாதத் தேர்வு ஒன்றை அந்நாளில் வைத்துவிட்டோம். ஓய்வு நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் உணவருந்த, ஒரு சிறுமி மட்டும் தனியே அமர்ந்திருந்தாள். தோழியர் அவளைக் கேலி செய்தனர். அருகில் சென்று கேட்டோம். "இன்று பெரிய வெள்ளி, ஐயா. நாங்கள் நோன்பு. வீட்டில் எல்லோரும் முதல் பேருந்தில் கோயிலுக்குப் போய்விட்டார்கள். தேர்வு என்பதால் நான் மட்டும் வந்தேன்" என்றாள். நாட்காட்டியைப் பார்த்துத் தேர்வு நாளைக் குறித்த நாம், எதிரே அமர்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துக் குறிக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

நாள் எவ்வாறு கணிக்கப்படுகிறது?

இயேசு பெருமான் சிலுவையில் உயிர்நீத்த நாள் புனித வெள்ளி. அவர் உயிர்த்தெழுந்ததாகக் கிறிஸ்தவர்கள் போற்றும் ஞாயிறு, உயிர்ப்புப் பெருவிழா. ஆங்கிலத்தில் இதனை ஈஸ்டர் என்பர். யூதர்களின் 'பெசாக்' என்னும் விடுதலைத் திருநாளின் பெயரிலிருந்து வந்த 'பாஸ்கா' என்ற சொல்லும் தமிழில் வழங்குகிறது.

கிறிஸ்துமஸ் போல இதற்கு நிலையான தேதி இல்லை. இரவும் பகலும் சமமாகும் நாளாகத் திருச்சபை கணக்கில் கொள்ளும் மார்ச்சு 21ஆம் நாளன்றோ அதன் பின்னரோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே உயிர்ப்பு ஞாயிறு. ஆகவே அது மார்ச்சு 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் வரும். நம் பங்குனி உத்திரமும் முழுநிலவை ஒட்டிய விழாவே. 2024ஆம் ஆண்டில் மார்ச்சு 25ஆம் நாள் முழுநிலவு. அந்த மார்ச்சு 31ஆம் நாள் உயிர்ப்பு ஞாயிறு. வானத்து நிலவு ஒன்றே. அதைப் பார்த்து நாள் குறிப்போர் பலர்.

கிரேக்கம், உருசியா முதலிய நாடுகளின் பழைமைவழித் திருச்சபைகள் பழைய நாட்காட்டிக் கணக்கைப் பின்பற்றுகின்றன. அதனால் அவர்களது விழா பெரும்பாலும் பின்னரே வரும். 2024இல் அவர்கள் மே 5ஆம் நாள் கொண்டாடினர். 2025இல் இரு சாராருக்கும் ஏப்ரல் 20ஆம் நாளே விழாவாக அமைந்தது.

ஓலையும் சாம்பலும்

விழாவிற்கு முன் 40 நாள் தவக்காலம். அதன் முதல் நாளில் நெற்றியில் சாம்பல் பூசுவர். திருநீற்றுப் புதன் என்னும் அழகிய தமிழ்ப் பெயர் அந்நாளுக்கு உண்டு. அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? முந்தைய ஆண்டு மந்திரித்துக் கொடுத்த குருத்தோலைகளை எரித்தே அதனை எடுப்பர்.

குருத்தோலை ஞாயிறு என்பது உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறு. எருசலேம் நகர மக்கள் இயேசுவை ஓலைகள் ஏந்தி வரவேற்றதை அது நினைவூட்டுகிறது. இத்தாலியில் ஒலிவக் கிளையையும், குளிர்மிகுந்த உருசியாவிலும் போலந்திலும் அங்கு முதலில் துளிர்க்கும் வில்லோ மரக் குச்சியையும் ஏந்துவர். தமிழர்கள் தென்னங்குருத்தை ஏந்துகின்றனர். திருமண வீட்டுத் தோரணத்திற்கு நாம் வெட்டும் அதே குருத்துதான் அங்கே சிலுவையாக மடிக்கப்படுகிறது.

பெரிய வியாழனன்று கத்தோலிக்கக் குருவானவர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவுவார். தலைவன் தொண்டனாக வேண்டும் என்பதே அதன் பொருள். புனித வெள்ளியன்று நோன்பும், 14 நிலைகள் கொண்ட சிலுவைப் பாதையும் உண்டு. சனி இரவில் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டுப் புதுத் தீ மூட்டுவர். அதில் ஏற்றிய பாஸ்கா மெழுகுவர்த்தியிலிருந்து ஒருவர் கைத்திரி மற்றவர் கைத்திரிக்குச் சுடர் தர, ஆலயம் முழுவதும் ஒளி பரவும்.

பல நாடு, பல வழக்கம்

போலந்து நாட்டில் சனிக்கிழமையன்று முட்டை, ரொட்டி, உப்பு முதலியவற்றைக் கூடையில் வைத்து ஆலயத்தில் மந்திரித்து வாங்குவர். திங்களன்று ஒருவர்மீது ஒருவர் நீர் ஊற்றி மகிழ்வர். ஏப்ரல் திங்களில் புலாவ் தீக்குஸ் சயாம், பர்மியக் கோயில்களில் நடக்கும் நீர்த் திருவிழாவைப் பார்த்தோர்க்கு இது வியப்பாகத் தோன்றாது.

குவாத்தமாலா நாட்டின் அந்திகுவா நகரில், ஊர்வலம் வரும் வீதிகளில் வண்ண மரத்தூளாலும் மலர்களாலும் விரிப்புகள் வரைவர். பல மணி நேரம் உழைத்து வரைந்ததன்மீது ஊர்வலம் நடந்துபோக, அது கலைந்துவிடும். வாசலில் கோலமிடும் நம் தாய்மார்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

பிலிப்பீன்சில் ஞாயிறு விடியுமுன் இரண்டு ஊர்வலங்கள் இரு திசைகளிலிருந்து புறப்படும். ஒன்றில் உயிர்த்த இயேசுவின் உருவம். மற்றொன்றில் கறுப்புத் துகில் மூடிய அன்னையின் உருவம். இரண்டும் சந்திக்கும்போது, வானதூதர் வேடமிட்ட ஒரு சிறுமி அத்துகிலை நீக்குவாள். துயரம் நீங்கியது என்று ஊரே ஆரவாரிக்கும்.

எத்தியோப்பியாவில் 55 நாள் இறைச்சி, பால், முட்டை தவிர்த்து நோன்பிருப்பர். விழா இரவின் வழிபாடு முடிந்த பின்னரே, நம் தோசை போன்ற இஞ்செராவும் கோழிக்குழம்பும் உண்டு நோன்பு துறப்பர்.

முட்டை ஏன்? முயல் ஏன்?

ஐரோப்பாவில் முற்காலத்தில் தவக்காலம் முழுவதும் முட்டை உண்ணல் ஆகாது. கோழிகளோ அதை அறியா. அவை இட்டுக்கொண்டே இருந்தன! சேர்ந்த முட்டைகளை விழாவன்று வேகவைத்து வண்ணந்தீட்டிப் பகிர்ந்தனர். ஓட்டை உடைத்துக் குஞ்சு வெளிவருவதுபோல் கல்லறையினின்று உயிர் வெளிவந்தது என்ற கருத்தும் அதனோடு இணைந்தது. 1290ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில் 450 முட்டைகளுக்காக 18 பென்ஸ் செலவு எழுதப்பட்டுள்ளது.

கிரேக்கர் முட்டைக்குச் சிவப்பு வண்ணமே ஏற்றுவர்; ஒருவர் முட்டையோடு மற்றவர் முட்டையை மோதி, உடையாதவர் நற்பேறு பெற்றவர் என்பர். உக்ரேனியர் மெழுகால் கோடிட்டுச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகுபட்ட இடத்தில் சாயம் பிடிக்காது. நம் நாட்டுப் பாத்தேக் துணியின் நுட்பமும் இதுவே அன்றோ?

முட்டை கொண்டுவரும் முயல் செர்மானியர் கதையில் பிறந்தது. பிரான்சிலோ, வியாழன்முதல் ஒலிக்காத ஆலய மணிகள் உரோமாபுரிக்குப் பறந்துபோய், திரும்பும் வழியில் இனிப்பு முட்டைகளைப் போடுவதாகக் குழந்தைகளுக்குச் சொல்வர். ஆஸ்திரேலியாவில் வெளியிலிருந்து வந்த முயல்கள் பெருகி மண்ணுக்குக் கேடு விளைவித்தன. ஆகவே அங்குப் பலர், அருகிவரும் பில்பி என்னும் தம் நாட்டுச் சிற்றுயிரின் வடிவில் சாக்லேட் செய்து விற்கின்றனர்.

நமது மண்ணில்

பினாங்கில் இவ்விழாவின் வரலாறு நீண்டது. 1786இல் கெடாவிலிருந்து வந்த யுரேசியக் கத்தோலிக்கர்களால் தோன்றியது ஜார்ஜ்டவுன் பார்குவார் சாலையிலுள்ள விண்ணேற்பு அன்னை ஆலயம். அதே சாலையில் 1818இல் கட்டி முடிக்கப்பட்ட ஆங்கிலிக்கன் புனித ஜார்ஜ் ஆலயமும் உள்ளது. பினாங்கு சாலையிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களின் நீண்டநாள் இல்லமாகும்.

இந்நாடுகளில் பலவற்றுக்கு இது வசந்தகாலம். நமக்கு வசந்தம் இல்லை என்பர். பால்மரம் வெட்டிய மூத்தோரைக் கேளுங்கள்! சனவரி, பிப்ரவரித் திங்களில் இலையெல்லாம் உதிர்ந்து, மரம் மொட்டையாக நிற்கும், பால் குறையும், கூலியும் குறையும். பின்னர் செம்பு நிறத்தில் தளிர் விடும். இன்று தோட்டங்களில் செம்பனை நிறைந்துவிட்டாலும், வெறுங்கிளையைப் பார்த்து நாள் எண்ணிய அவர்கள், இறப்புக்குப் பின் உயிர்ப்பு என்ற கருத்தை நூல் படியாமலே அறிவர்.

மாணவர்களே! எந்த மக்களும் தம் மண்ணில் கிடைப்பதைக் கொண்டே தம் விழாவை அணிசெய்கின்றனர். ஓலை, வில்லோக் குச்சி, மரத்தூள், முட்டை எனப் பொருள் வேறாகலாம். அயலான் வீட்டு விழாவின் பொருளை அறிந்தவன் அவனைக் கேலி செய்யமாட்டான். அடுத்த புனித வெள்ளியன்று உங்கள் அருகில் ஓர் இருக்கை வெறுமையாக இருந்தால், காரணம் தெரிந்திருக்கட்டும். அடுத்த பள்ளி நாளில் வகுப்பில் அந்தத் தோழனுக்கு உங்கள் பாடக் குறிப்பைக் கொடுங்கள். நாமும் அந்நாளில் தேர்வு வைக்கமாட்டோம்.

பயிற்சி

1. உயிர்ப்பு ஞாயிறு ஆண்டுதோறும் ஏன் வெவ்வேறு தேதியில் வருகிறது?
2. திருநீற்றுப் புதனன்று பூசும் சாம்பல் எதிலிருந்து கிடைக்கிறது?
3. உக்ரேனியரின் முட்டைக்கும் பாத்தேக் துணிக்கும் உள்ள ஒற்றுமை யாது?
4. வீட்டில் செய்க: வெங்காயத் தோலோடு ஒரு முட்டையைப் பெரியோர் துணையுடன் வேகவைத்து, ஓடு என்ன நிறம் பெறுகிறது என்று குறிப்பேட்டில் எழுதுக.
5. உன் தோட்டத்தில் வேறு சமயத்தைச் சார்ந்த ஒருவரிடம் அவர்தம் விழாவைப் பற்றிக் கேட்டுப் பத்து வரிகள் எழுதுக.