அரிசிப் பசையும் வெட்டுத்தாளும்

நெல் விளையும் நாடுகளில் அரிசி உணவாகிறது. தவிடு கால்நடைக்குத் தீவனமாகிறது. ஜப்பானியர் இவ்விரண்டையும் துணிக்குச் சாயமிடும் தொழிலிலும் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றனர். அத்தொழிலுக்குக் 'கதாசோமே' என்று பெயர். அதனைக் கற்பவர் எவ்வாறு கற்கின்றனர் என்பதை நாம் இங்கு ஆராய்வோம்.

பூவேலை வெட்டிய தாளைத் துணியின்மேல் விரித்து, அதன் துளைகள் வழியே அரிசிப் பசையைத் தடவுவர். தாளை எடுத்துவிட்டுப் பசையை உலர்த்திச் சாயமிடுவர். பசை படிந்த இடத்தில் சாயம் ஏறாது. கழுவியபின் அவ்விடம் வெள்ளையாக நிற்கும். மெழுகிட்டுச் சாயமேற்றும் முறையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மெழுகை நீக்க வெந்நீர் வேண்டும். இதற்குத் தண்ணீரே போதும்.

வெட்டுத்தாள் மரப்பட்டைக் காகிதத்தாலானது. இரண்டு மூன்று தாள்களைச் சீமைப் பனிச்சைக் காயின் சாற்றால் ஒட்டிப் புகையூட்டுவர். இக்காய் நம் பனிச்சை மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. அதன் துவர்ப்பே தாள் நீரில் ஊறிக் கெடாமல் காக்கிறது. மியே மாகாணத்திலுள்ள ஷிரோகோ, ஜிகே என்னும் ஊர்கள் இத்தாள் வெட்டுவதில் பெயர் பெற்றவை. வெட்டுபவர் ஒருவர், சாயமிடுபவர் வேறொருவர் என்பதே பழைய வழக்கம். ஆகையால் கிமோனோ உடுப்போர் குறைந்தபோது ஒரு தொழிலின் தளர்ச்சி மற்றதையும் தாக்கியது. அரசாங்கம் 1955-இல் தாள் வெட்டும் கைவினைஞர் சிலரைத் தேசியச் சிறப்புக்கு உரியவர்களாக அறிவித்தது. வெட்டுதல் முதல் சாயமிடுதல் வரை தாமே செய்த செரிசாவா கெய்சுகே 1956-இல் அச்சிறப்பைப் பெற்றார்.

இனி, பசைக்கு வருவோம். கற்பவரைச் சோதிப்பது இதுவே. ஏறத்தாழ 2 பங்கு பசையரிசி மாவுக்கு 3 பங்கு நன்கு பொடித்த தவிடு சேர்த்து நீர் விட்டுப் பிசைவர். நம் உளுந்து வடைபோல் நடுவில் துளையிட்டுத் தட்டி ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைப்பர். துளையில்லாவிடில் உட்புறம் வேகாது. பின்னர்ச் சூடு ஆறுமுன் நன்றாக இடித்துப் பிசைந்து, உப்பும் சிறிது சுண்ணாம்பும் கலப்பர்.

வீட்டு அரிசி உதவாதா என்று உழவர்கள் கேட்கலாம். அதன் பசை உலர்ந்தால் விறைத்து உடையும். பசையரிசியின் பசையோ துணியுடன் வளையும். செட்டிநாட்டுக் கவுனி அரிசியைச் சமைத்தவர்கள் இத்தன்மையை அறிவார்கள். தவிடு இல்லாவிட்டால் பசை அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டு, கழுவும்போது எளிதில் நீங்காது.

உப்பின் அளவை எவரும் எழுதிக் கொடுக்க இயலாது. உப்பு காற்றின் ஈரத்தை ஈர்ப்பது. வறண்ட நாளில் அது குறைந்தால் பசை விரிசல் விடும். மழை நாளில் மிகுந்தால் பசை உலராமல் கசியும். அன்றைய வானிலையைப் பார்த்துக் கையால்தான் அறிய வேண்டும். தொழிற்பயிற்சிக்குத் திட்டமிடும்போது நாம் கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் பணம் ஒதுக்குகிறோம். வீணாகப்போகும் மாவுக்கும் துணிக்கும் ஒதுக்குவது அரிது. இத்தகைய தொழிலில் அச்செலவு இன்றியமையாதது.

தாளை முன்கூட்டியே நீரில் ஊறவைத்தல் வேண்டும். உலர்ந்த தாள் சுருண்டுகொள்ளும். பசை தடவியபின் அதனை ஒரே வீச்சில் தூக்க வேண்டும். பசை உலர்ந்ததும், இரு முனையிலும் ஊசி பொருத்திய மூங்கிற் குச்சிகளால் துணியை விறைப்பாக விரித்து, அரைத்துப் பிழிந்த சோயாப் பாலைத் தூரிகையால் தடவுவர். அதன் புரதமே வண்ணப்பொடியை நூலில் பிணைக்கிறது. நீலம் வேண்டுமாயின் துணியைத் தொட்டியில் தோய்ப்பர். அவர்களுடைய நீலச்செடி நம் அவுரியினின்று வேறானது. எனினும் சாயப்பொருள் ஒன்றே.

இறுதியாகத் துணியைத் தண்ணீரில் ஊறவிடுவர். தேய்த்தல் கூடாது. பசை உப்பித் தானே கழன்று வரும். பசை விரிசல் விட்டிருந்த இடமெல்லாம் வெள்ளைப் பூவின் குறுக்கே மெல்லிய கோடுகளாகச் சாயம் ஏறியிருப்பது அப்போதுதான் தெரியும். கற்பவர் அத்துணியை ஒதுக்கிவைத்து, அடுத்த பசைக்குத் தவிடு சலிக்கத் தொடங்குவார்.